நிறுத்துவதானால் முடித்துவிட்டு நிறுத்தட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அவிநாசியில் உள்ள எங்கள் வீட்டில், கடந்த ஐப்பசி மாதம் வரை, மாலை ஏழரை மணி என்பது என் அம்மாவுக்கு உரிய நேரமாக இருந்தது. அவருக்கு வயது 81. உடன்பிறந்த அண்ணன்மார் பூமியில் பங்கு தர மறுத்ததால் வழக்குப் போட்டுவிட்டு, ஒரு தையல் மெஷினை நம்பிப் பிள்ளையை வளர்க்கும் ஒரு பெண்ணின் கதையை அந்த நேரத்தில் ஒரு தொலைக்காட்சி ஒளிபரப்பி வந்தது. ஒரு நாள் திடீரென்று அதை இரவு பத்தரை மணிக்கு மாற்றினார்கள். ஒன்பது மணிக்குப் படுத்துவிடும் அம்மா, மூன்று நாள் கண்விழித்துப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் முடியாமல் விட்டுவிட்டார். பிறகு அதைப் பிற்பகல் இரண்டு மணிக்குக் கொண்டுவந்தார்கள். கதையில் தீர்ப்புக்கு நாள் குறித்த வாரத்தில், அந்த இரண்டு மணிக்கு வேறு மொழியிலிருந்து மொழிமாற்றம் செய்யப்பட்ட ஒரு தொடர் ஓடத் தொடங்கியது. அவ்வளவுதான், முடிந்தது என்று ஒரு வரிகூடத் திரையில் வரவில்லை. இன்றைக்கும் அம்மா செய்தித்தாளின் டி.வி. பக்கத்தை என்னிடம் நீட்டி, "அந்தப் புள்ளைக்குப் பங்கு கெடச்சுதா இல்லியா கண்ணு? யாராச்சும் எழுதியிருக்காங்களான்னு பாரு" என்று கேட்கிறார்.

பெண்பிள்ளைக்குச் சொத்தில் சம பங்கு என்ற சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டே வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அது இன்றும் வாய்விட்டுப் பேசப்படாத விஷயம்தான். ஆகையால் அந்தத் தீர்ப்பை அம்மா எதிர்பார்த்திருந்தது வெறும் பொழுதுபோக்குக்காக அன்று என்பதை இந்தப் பகுதி வாசகர்கள் புரிந்துகொள்வார்கள். அந்தத் தொலைக்காட்சியின் பெயரை நான் எழுதவில்லை. இந்த வழக்கம் ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை. தொடங்கிய ஓராண்டுக்குள் ஒரு தொடரை ஏன் நிறுத்துகிறார்கள், நிறுத்தும்போது பார்வையாளருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் 27 ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குபவரிடம் ஆர்டர் பேசி அதை முடித்துக் கொடுக்கும் பொறுப்பாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆர்டர் ரத்தாவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, அமெரிக்கத் தொலைக்காட்சிகள் நாடகத் தொடர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் படித்தபோது, எங்கள் தொழிலைப் பற்றியே யாரோ எழுதியிருப்பது போலத் தோன்றியது. அங்கே முதலில் 'பைலட்' என்று ஒரே ஒரு எபிசோடை எடுத்துக் காட்டுவார்கள். அது நாங்கள் பையருக்கு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு, அனுப்பும் சாம்பிள். அது பிடித்திருந்தால் பழைய வழக்கப்படி 13 எபிசோடுகளுக்கு ஆர்டர் கிடைக்கும். அது டிரையல் ஆர்டர். முதல் சில வாரங்களின் பார்வையாளர் கணக்கைப் பார்த்துவிட்டு, திருப்தியாக இருந்தால் மேலும் 9 எபிசோடுகள் கேட்பார்கள். அது ரிபீட் ஆர்டர். இரண்டும் சேர்ந்து 22 எபிசோடுகள் ஓடினால் ஒரு சீசன் முழுமை பெறும். 13-லேயே நிற்பதும், அதற்கும் முன்னால் நிற்பதும் அங்கே அன்றாடம் நடப்பவை.

அந்த முறையின் பணக்கணக்கைப் பார்த்தால் முதல் ஆண்டு ஏன் இத்தனை ஆபத்தானது என்பது விளங்கும். தொடரைத் தயாரிக்கும் ஸ்டூடியோவுக்கு, ஒளிபரப்பும் நிறுவனம் கொடுக்கும் தொகை பெரும்பாலும் தயாரிப்புச் செலவைவிடக் குறைவாகவே இருந்து வந்திருக்கிறது. மீதியை ஸ்டூடியோ தன் கையிலிருந்து போட்டுத்தான் எடுக்கும். போட்ட பணம் திரும்புவது, அந்தத் தொடரைப் பிற்பாடு ஊர் ஊராக உள்ள உள்ளூர் நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்காக விற்கும்போதுதான். அப்படி நாள்தோறும் ஓட்டுவதற்கு ஏறக்குறைய நூறு எபிசோடுகளாவது தேவை என்பது அந்தத் தொழிலின் நெடுநாள் கணக்கு. ஆண்டுக்கு 22 என்றால் நான்கு, ஐந்து ஆண்டுகள் ஆகும். அதனால் ஓராண்டு மட்டும் ஓடிய தொடர், அது எவ்வளவு நல்ல தொடராக இருந்தாலும், பேரேட்டில் கடனாகவே எழுதப்பட்டிருக்கும். 1970 முதல் ஒளிபரப்பு நிறுவனங்கள் தாங்கள் ஓட்டும் தொடர்களின் மறு ஒளிபரப்பு வருமானத்தில் பங்கு பெறுவதைத் தடுத்து வந்த விதிகள், 1990-களின் நடுவில் முற்றிலும் விலக்கப்பட்டன. அதன்பிறகு, சொந்த ஸ்டூடியோவின் சரக்குக்குக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதும், வெளியாரின் சரக்கைச் சீக்கிரம் கைவிடுவதும் அந்த நிறுவனங்களுக்கு லாபமான காரியமாகிவிட்டது.

ஆனால் பணத்தைவிட அதிகமான தொடர்களைக் கொன்றது ஒளிபரப்பும் நேரம்தான் என்று நான் நினைக்கிறேன். 2002 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி 'ஃபயர்ஃப்ளை' என்ற தொடரைத் தொடங்கியது. இளைஞர்கள் வீட்டில் தங்காத வெள்ளிக்கிழமை இரவை அதற்கு ஒதுக்கினார்கள். அதோடு விடாமல், பாத்திரங்களை அறிமுகப்படுத்துவதற்கென்றே எடுக்கப்பட்ட இரண்டு மணி நேர முதல் எபிசோடை ஒதுக்கிவைத்து, இரண்டாவதாக எடுத்ததை முதலில் ஓட்டினார்கள். யார் எவர் என்று புரியாத கூட்டம் எப்படித் தங்கும்? அந்த முதல் எபிசோடைக் கடைசியாக, டிசம்பர் 20 அன்று, தொடருக்கு முடிவு கட்டிய பிறகு ஒளிபரப்பினார்கள். எடுத்தவை 14; ஒளிபரப்பானவை 11. பிற்பாடு அது டி.வி.டி.யாக வந்தபோது வாங்கியவர்களின் ஆதரவு பெருகி, 2005இல் அதே கதையைத் திரைப்படமாகவே எடுத்தார்கள். அப்படியானால், பார்ப்பதற்கு ஆள் இருந்திருக்கிறது. அந்த ஆட்கள் பார்க்கக்கூடிய நேரத்தில்தான் தொடர் இருக்கவில்லை. அதற்கு முன்பு, 1994-95இல் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் வந்த 'மை சோ-கால்ட் லைஃப்' தொடரின் நாயகி கிளேர் டேன்ஸ் அதற்காகவே கோல்டன் குளோப் விருது பெற்றார். எதிர் நிறுவனத்தின் நகைச்சுவைத் தொடர்கள் கொடிகட்டிப் பறந்த வியாழக்கிழமை இரவில் வைக்கப்பட்ட அத்தொடர், விருது கிடைத்த அதே ஆண்டில், 19 எபிசோடுகளோடு நின்றுபோனது.

ஏழரையிலிருந்து பத்தரைக்கும், பத்தரையிலிருந்து இரண்டுக்கும் மாற்றப்பட்ட எங்கள் வீட்டுத் தொடரின் கதையும் இதுவேதான். ஏழரைக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், திருப்பூர்க் கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து வீடு வந்து, அடுப்பில் சோறு வேகும் நேரத்தில் உட்காரும் பெண்கள். எங்கள் தெருவிலேயே அப்படி ஏழெட்டுப் பேர் உண்டு. பிற்பகல் இரண்டு மணிக்கு அவர்கள் ஓவர்லாக் மெஷினின் முன் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் பார்க்க முடியாத நேரத்தில் ஒன்றை வைத்துவிட்டு, அவர்கள் பார்க்கவில்லை என்று கணக்குக் காட்டுவது நியாயமாகுமா என்று உங்கள் மூலமாகக் கேட்க விரும்புகிறேன்.

அந்தக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் இன்னமும் 'டி.ஆர்.பி.' என்றே சொல்லிவரும் பார்வையாளர் அளவீட்டை, நம் நாட்டில் 2015 முதல் 'பார்க்' (BARC) என்ற பார்வையாளர் ஆய்வு அமைப்பு செய்து வருகிறது. ஒலியோடு கலந்து அனுப்பப்படும், காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டை, வீட்டில் பொருத்திய மீட்டர் படித்துக்கொள்கிறது; பெட்டியின் முன் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை, குடும்பத்தில் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒதுக்கப்பட்ட பொத்தானை அழுத்தித் தெரிவிக்க வேண்டும். 2020ஆம் ஆண்டு வாக்கில் நாட்டில் ஏறக்குறைய 21 கோடி தொலைக்காட்சி வீடுகள் இருந்தன. மீட்டர் இருந்தவை சுமார் 44,000. ஏறத்தாழ 4,800 வீடுகளுக்கு ஒரு வீடு. வாரந்தோறும் வியாழக்கிழமை வெளிவரும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் விளம்பரதாரர்கள் விலை பேசுகிறார்கள், சேனல்கள் அடுத்த வாரக் கதையைத் திருத்துகின்றன.

மாதிரி எடுப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஈரோட்டு மஞ்சள் சந்தையில் மாதிரி விரலியை உடைத்துப் பார்த்துத்தான் மூட்டைகளுக்கு விலை சொல்கிறார்கள். பெரும் கூட்டம் பார்க்கும் இரவு நேரத் தொடருக்கு அந்த மாதிரி நன்றாகவே பொருந்தும். ஆனால் பார்ப்பவர் எண்ணிக்கை குறையக் குறைய, மாதிரியில் அகப்படும் வீடுகளும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோகும். அப்போது நாலைந்து வீடுகளில் கல்யாணமோ இழவோ நேர்ந்து ஒரு வாரம் பெட்டியைப் போடாமல் விட்டாலும் எண் ஏறி இறங்கும். புதிய தொடரும், ஓரமான நேரத்துக்குத் தள்ளப்பட்ட தொடரும் இந்தத் தள்ளாட்டத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. மேலும் மீட்டர் பொருத்தப்படுவது குடும்பங்கள் வாழும் வீடுகளில். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து மில் விடுதிகளில் தங்கி, கூடத்தில் உள்ள ஒரே பெட்டியின் முன் நாற்பது பேராக அமர்ந்து பார்க்கும் பெண்களைச் சேர்த்துக்கொள்ள அந்த முறை வகுக்கப்படவில்லை. கொங்கு நாட்டில் தொடர் பார்ப்பவர்களில் அவர்கள் பங்கு எவ்வளவு பெரியது என்பதை, மாலையில் அந்த விடுதிகளின் பக்கம் போய் வந்தவர்கள் அறிவார்கள்.

இணையம் வழியாகத் தொடர்களைக் காட்டும் ஓடிடி வந்தால் இந்தக் குறை தீரும் என்று பலரும் சொன்னார்கள். அங்கே மீட்டர் தேவையில்லை. யார் எந்த நிமிடத்தில் நிறுத்தினார் என்பதுகூட நிறுவனத்துக்குத் தெரியும். ஆனால் நடந்தது வேறு. கோவை சரவணம்பட்டியில் ஐ.டி. நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் மகள், நெட்ஃபிளிக்ஸில் '1899' என்ற தொடரைப் பார்த்தாள். 2022 நவம்பர் 17 அன்று எட்டு எபிசோடுகளும் ஒன்றாக வெளிவந்தன. மூன்று சீசன்களுக்குத் திட்டமிட்டு எழுதப்பட்ட கதை அது. முதல் சீசனின் கடைசிக் காட்சியில்தான் பெரிய முடிச்சே விழுகிறது. 2023 ஜனவரி 2 அன்று, அதாவது ஏழு வாரம்கூட ஆகாத நிலையில், அடுத்த சீசன் கிடையாது என்ற அறிவிப்பு வந்தது. இத்தனைக்கும் அந்த நிறுவனமே வெளியிடும் முதல் பத்து வரிசையில் அது இடம்பெற்றிருந்தது. இத்தகைய நிறுவனங்களுக்குச் சந்தா பணம்தான் ஜீவாதாரம். எத்தனை பேர் தொட்டுப் பார்த்தார்கள் என்பதோடு, அவர்களில் எத்தனை பேர் கடைசி எபிசோடு வரை போனார்கள் என்பதையும், அதற்கு ஆன செலவையும் சேர்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். இரண்டாம் சீசனுக்கு நடிகர்களின் சம்பளம் ஏறும். ஆனால் புதிய சந்தாதாரர்களை இழுப்பதில் பழைய தொடரின் இரண்டாம் பாகத்தைவிடப் புத்தம் புதிய ஒரு தொடருக்கே வலு அதிகம் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். 81 வயதில் அம்மாவுக்கு நேர்ந்ததே 26 வயதில் மகளுக்கும் நேர்ந்தது. இப்போது அவள், மூன்று சீசன் வந்து முடிந்த தொடராக இருந்தால்தான் தொடங்குவேன் என்கிறாள். அவளைப் போல எல்லோரும் காத்திருந்தால் எந்தப் புதிய தொடருக்கும் முதல் ஆண்டுக் கணக்கு தேறாது. அதனால் இன்னும் பல தொடர்கள் நின்றுபோகும்.

தமிழ்த் தொடர்களின் அளவு வேறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாரம் ஐந்து அல்லது ஆறு நாள் ஓடும் நம் தொடர், அமெரிக்கச் சீசன் ஒன்றின் 22 எபிசோடுகளை ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே எட்டிவிடும். 'மெட்டி ஒலி' 800-ஐயும் 'கோலங்கள்' 1,500-ஐயும் தாண்டி ஓடியவை. ஆகவே இங்கே 200 எபிசோடுகளில் நின்றாலும், ஓராண்டுகூடத் தாங்காத தொடர் என்றுதான் பொருள். இங்கே நிற்பதற்கான காரணங்களும் சில தனி. நாயகியாக நடிப்பவர் விலகுவார். தன் குழுமத்தின் மற்றொரு மொழிச் சேனலில் வென்ற கதையைத் தமிழில் எடுக்கச் சேனல் முடிவு செய்யும். சொந்தமாக எடுப்பதைவிட மொழிமாற்றத் தொடர் மலிவு என்று கணக்காளர் சொல்வார். 2020 பொதுமுடக்கத்தில் படப்பிடிப்புகள் நின்றபோது, ஓடிக்கொண்டிருந்த தொடர்கள் பல முடிவே காட்டாமல் கைவிடப்பட்டன. அது எல்லோருக்கும் வந்த சோதனை என்பதால் அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சோதனைக் காலத்தில் வந்த பழக்கம், சோதனை தீர்ந்த பிறகும் நீடிக்கிறது. நிறுத்தம் முடிவான மறுநாளே, நாட்கூலிக்கு வேலை பார்க்கும் லைட்மேனும், மேக்கப் உதவியாளரும், சாப்பாடு பரிமாறுபவரும் வேலை இழக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியவில்லை.

நஷ்டத்தில் ஓட்டுங்கள் என்று எந்த நிறுவனத்தையும் கேட்க எனக்கு வாயில்லை. நானும் வியாபாரத்தில் இருந்தவன். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு நாணயம் உண்டு. பையர் ஆர்டரை ரத்து செய்தால், நல்ல பையராக இருந்தால், கட்டிங் முடிந்த துணிக்காவது பணம் தந்துவிடுவார். புதிதாக வெட்டாதீர்கள் என்று மட்டும் சொல்வார். அதுவும் தராத பையரின் சரக்குக்கூட வீணாகப் போவதில்லை. திருப்பூரின் மலிவு விலை ஆடைச் சந்தையான காதர்பேட்டைக்கு வந்து சேர்ந்து, அரை விலைக்கு யாரோ ஒரு பிள்ளையின் உடம்பில் ஏறிவிடும். தீர்ப்பு சொல்லாமல் நின்றுபோன கதையை எந்தக் காதர்பேட்டையில் கொண்டுபோய் விற்பது? ஒரு கை தைக்காமல் விட்ட சட்டையை யார் போட்டுக்கொள்வார்கள்?

நிறுத்தும்போதும் கதையை முடித்துக் காட்ட முடியும் என்பதற்கு அமெரிக்காவிலேயே ஒரு சான்று உண்டு. சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 2006இல் தொடங்கிய 'ஜெரிக்கோ' என்ற தொடர், நடுவில் ஏறக்குறைய மூன்று மாதம் ஓட்டப்படாமல் நின்றதால் கூட்டத்தை இழந்து, 2007 மே மாதம் முதல் சீசனோடு நிறுத்தப்பட்டது. கதையின் கடைசி எபிசோடில் நாயகன் சொன்ன ஒரு சொல், ஆங்கிலத்தில் கடலையையும் குறிக்கும், 'முடியாது போ' என்ற மறுப்பையும் குறிக்கும். அதைப் பிடித்துக்கொண்ட ரசிகர்கள் அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கு 20 டன்னுக்கும் மேலாக நிலக்கடலையை மூட்டை மூட்டையாக அனுப்பிவைத்தார்கள். கடலை விளைவிக்கும் ஊர்க்காரன் என்பதால் இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது. நிறுவனம் இறங்கிவந்து, மேலும் ஏழு எபிசோடுகள் எடுக்க ஒப்புக்கொண்டது. அந்த ஏழில் கடைசிக்கு இரண்டு முடிவுகளைப் படம்பிடித்து வைத்தார்கள்: தொடர் நீடித்தால் காட்டுவதற்கு ஒன்று, நின்றுவிட்டால் காட்டுவதற்கு ஒன்று. 2008 மார்ச்சில் மறுபடியும் நிறுத்தம் என்று முடிவானபோது, இரண்டாவதைக் காட்டிக் கதையை முடித்தார்கள்.

நம்மிடமும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. தூர்தர்ஷன் காலத்தில் 13 வாரம் என்று அளந்து கொடுத்தார்கள். எழுதுபவர் அந்த 13-க்குள் கதையைச் சொல்லி முடித்தார். தனியார் சேனல்கள் வந்த பிறகும், 1990-களில் 'மர்மதேசம்' என்ற பொதுப்பெயரின் கீழ், ஒரு கதை முடிந்ததும் அதோடு விட்டு, அடுத்ததை வேறு கதையாகத் தொடங்கினார்கள். இன்று நம் பிள்ளைகள் தமிழ்க் குரலில் விரும்பிப் பார்க்கும் கொரியத் தொடர்களில் பல 12 அல்லது 16 எபிசோடுகளில் முடிபவை. ஒரே சீசன்தான் வந்தது என்று யாரும் அவற்றைக் குறை சொல்வதில்லை. ஒரே ஆண்டில் முடிவது ஒரு தொடருக்கு இழுக்கே அன்று. முடியாமல் நிற்பதுதான் பார்த்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஆகவே சேனல்களிடமும் ஓடிடி நிறுவனங்களிடமும் நான் கேட்பது மிகச் சிறியது. தொடர் நிற்கப்போகிறது என்று தெரிந்தவுடன், எழுதுபவருக்கு ஆறு எபிசோடுகளாவது, அதாவது ஒரு வாரமாவது, கொடுக்கட்டும்; அந்த வாரத்தை மட்டுமேனும் தொடர் பிறந்த பழைய நேரத்திலேயே ஒளிபரப்பட்டும். நடிகர்கள் கிடைக்கவில்லை என்றால், மீதிக் கதை இன்னதுதான் என்று எழுதியவரே பத்து நிமிடம் திரையில் வந்து சொல்லட்டும். நம் ஊர்த் திண்ணைகளில் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதுவே போதும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நாள்தோறும் நிகழ்ச்சி நிரல் வெளியிடும் பக்கத்தில், அந்த வாரம் நேரம் மாற்றப்படும் தொடர்களையும், நிறுத்தப்படும் தொடர்களையும் ஒரு சிறு கட்டத்தில் அறிவிக்கலாம். முடிவு காட்டாமல் நிறுத்தப்பட்டிருந்தால், எழுதியவரிடம் கேட்டு முடிவை நான்கு வரியில் போடலாம். அம்மா செய்தித்தாளில் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கிறார். ஆகவே எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அவிநாசி, திருப்பூர் மாவட்டம்.